ஒன்பது யூனிட் தண்ணீர்

பம்பு நின்றால் மீட்டரும் நிற்கும். பதினாறு வருஷமாகக் கலியன் நம்பிக்கொண்டிருந்த ஒரே சாஸ்திரம் அது. 2015 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு, மோட்டார் சூடு ஆறட்டும் என்று வழக்கம்போலச் சுவிட்ச் பேனல் ஹேண்டிலைக் கீழே இறக்கினான். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற மோட்டார் அது, தினமும் அரை மணி நேரம் அதற்கு ஓய்வு. இரைச்சல் தேய்ந்து அடங்க, சுரங்கப் பள்ளத்திலிருந்து ராட்சத மெஷின் மண்ணைக் கரண்டும் சத்தமும், பெல்ட் உருளைகளின் கிறீச்சும், முந்திரிப் புதருக்குள் மயில் அகவுவதும் ஒவ்வொன்றாகக் காதுக்குத் திரும்பி வந்தன. ஆனாலும் காதின் அடியில் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பம்பு ஷெட்டில் கிடக்கிறவனுக்கு அது வூட்டில் படுத்தாலும் ஓடும். தோள் துண்டால் தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து, உள்ளே தெரிந்த ஏழு இலக்கத்தையும் லாக் புக்கில் எழுதினான்: 9996167.

மூன்றரைக்கு ஹேண்டிலைத் தூக்கப் போனவன் கை பாதியில் நின்றது.

9996176.

ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லிட்டர். ஒன்பது யூனிட் கூடியிருந்தது. ஹேண்டில் கீழேதான் கிடந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தான். சூடு ஆறிக்கொண்டிருக்கிற இரும்பு, அவ்வளவுதான்.

நாம்தான் மாற்றி எழுதிவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். எழுபத்தாறை அறுபத்தேழு என்று எழுதுவது நாற்பத்தெட்டு வயசுக் கண்ணுக்குப் பெரிய குற்றம் இல்லை. ரீடிங் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தான். அதற்கு 'ஒத்த எண்' என்று பெயர். எவனோ பழைய ஃபோர்மேன் ஆரம்பித்து வைத்த பழக்கம். ஏழு இலக்கத்தையும் கூட்டணும், வந்ததை மறுபடி கூட்டணும், ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டி அதை எழுதணும். கை தவறி ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் ஒத்த எண் காட்டிக் கொடுத்துவிடும். முதல் எண்ணுக்கு நாற்பத்தேழு, பதினொன்று, இரண்டு. இரண்டாவது எண்ணுக்கும் நாற்பத்தேழு, பதினொன்று, இரண்டு.

"என்னாண்ணே, மீட்டரைப் பொண்ணு பாக்கற மாதிரி பாத்துக்கினு நிக்கிற?"

பன்னீர்செல்வம் கிரீஸ் டப்பாவோடு உள்ளே வந்தான். இருபத்தாறு வயசு. பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு, காண்ட்ராக்டில் கிரீஸ் அடிக்க வந்து இரண்டு மாசம் ஆகிறது. லாக் புக்கை எட்டிப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். பல்லைக் காட்டினான்.

"எலக்கம் எடம் மாறிப்போச்சுண்ணே. எந்த நம்பர்ல ரெண்டு எலக்கத்த மாத்திப் போட்டாலும் வித்தியாசம் ஒம்போதால வகுபடும். ஒத்த எண்ணு மாறாது. பாரு, சரியா ஒம்போது."

"தெரியும்" என்றான் கலியன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வேலயப் பாருடா."

தெரியும். அவனுக்குத் தெரிந்த அளவு அந்தக் கணக்கு பி.எஸ்ஸி. படித்தவனுக்கே தெரியாது. அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டரை வருஷமாக அவன் கரையில் நிற்கிறான்.

ஹேண்டிலைத் தூக்கினான். மோட்டார் உறுமி எழுந்தது. அந்த உறுமலுக்குள், எங்கேயோ தள்ளி, இரும்பில் ஒரு தட்டு.

டங்.

ஒன்றே ஒன்று. பன்னீர்செல்வம் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்குப் பங்குனி மாசம், 2013. இதே ஷெட், இதே நேரம். கலியனோடு ஷிப்ட் பார்த்தவன் சிங்காரவேல். மூன்று மணிக்குப் பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீர் விழுகிற தொட்டிக்குள் சேறு வாரச் சிங்காரவேல் இறங்கினான். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம். மேலே ஆள் நுழைகிற அளவு ஒரு வாய், சுவரில் கம்பிப் படி. ஆள் உள்ளே இருக்கும்போது பேனலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ள அவர்களுக்குப் பூட்டு கிடையாது. ஷெட் ஆட்களே ஒரு வழக்கம் கட்டி வைத்திருந்தார்கள். இறங்குகிறவன் செருப்பைப் பேனலுக்கு நேர் கீழே கழற்றி வைப்பான். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. ஆள் உள்ளே என்றால் ஹேண்டிலைத் தொடாதே. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் பதினாலு வருஷம் ஒரு உயிர் போகவில்லை.

சிங்காரவேல் செருப்பை ஊரே அறியும். ஒன்றுக்கு நீல வார், இன்னொன்றுக்குச் சிவப்பு வார். இரண்டு ஜோடியில் ஒவ்வொன்று அறுந்துபோக, மிஞ்சியதைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, "மாப்ள, இது ரெண்டு கட்சிக் கூட்டணி" என்பான்.

கலியனுக்கு அன்றைக்கு டீ குடிக்கணும். வாசல் தாண்டியதும் செருப்பு வார் அறுந்தது. சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. திரும்பி வந்து, பேனலுக்குக் கீழே இருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடப்போகிறோம் என்ற நினைப்பு. டீக்கடையில், காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கப்போகும் பர்மனென்ட் லிஸ்ட் பேச்சு. யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை. நாற்பது நிமிஷம் ஓடியதே தெரியவில்லை. லிஸ்டை மனசில் வைத்துக்கொண்டே பார்சல் டீயோடு வேகமாக வந்தான். பேனலுக்குக் கீழே பார்த்தான். வெறுந்தரை. ஆள் ஏறிவிட்டான் என்று ஹேண்டிலைத் தூக்கினான்.

தன் காலைப் பார்க்கவில்லை.

டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது டங் டங் என்று கேட்டது. போல்ட் லூஸ் என்று நினைத்தான். ஸ்பேனரை எடுத்து வந்து ஒரு போல்ட்டை முறுக்கினான். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நம்ம முறுக்கு வேலை செய்கிறது என்றுகூட நினைத்தான். நாலு மணிக்கு ரீடிங்கை எழுதி முடித்துத் தலை குனிந்தபோதுதான் தன் காலில் நீலமும் சிவப்பும் தெரிந்தன.

குழாய்த் தண்ணீர் கம்பிப் படி மேலேயே அடிக்கிற மாதிரித்தான் அந்தத் தொட்டியைக் கட்டியிருந்தார்கள். ஏறப் பார்த்தவனை அது திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கும். மூடிக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் நின்றது. ஹேண்டிலை இறக்கினான்.

செருப்பைக் கழற்றினான். பக்கத்தில் மண் ஏற்றிப்போகிற பெல்ட்டில் வீசினான். அது மண்மேட்டில் போய்க் கொட்டி, அதன் மேல் இன்றுவரை மண் விழுந்துகொண்டிருக்கிறது. ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டான். காலையிலிருந்தே தொட்டி நிறைந்துதான் கிடந்தது, போதையில் விழுந்துவிட்டான், மூன்று மணிக்கு மேல் பம்பு ஓடவே இல்லை என்று சொன்னான்.

விசாரணையில் லாக் புக் வந்தது. மூன்று மணிக்கு 8315247. நாலு மணிக்கு 8315274. ஓடாத பம்பு எப்படி இருபத்தேழு யூனிட் தண்ணீர் இறைத்தது என்று அதிகாரி கேட்டார். கலியன் வாயிலிருந்து அது தானாக வந்தது. "எலக்கத்த மாத்தி எழுதிட்டேங்க. நாப்பத்தேழு. எழுவத்தி நாலுன்னு போட்டுட்டேன்." அதிகாரி பேனாவால் கணக்குப் போட்டார். இருபத்தேழு ஒன்பதால் வகுபட்டது. இரண்டுக்கும் ஒத்த எண் மூன்று. "எழுத்துப் பிழைதான்" என்று அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். செத்தவன் குடிகாரன் ஆனான். வேலையில் செத்தவன் இல்லை என்று ஆனதால் அவன் பெண்டாட்டி ராஜாம்பாளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்கவில்லை.

இப்போது அவள் மனு மேல் மனு போட்டு, வருகிற வெள்ளிக்கிழமை மறுவிசாரணை. கலியன் அன்றைக்குச் சொன்னதையே பிசகாமல் சொன்னால் போதும். அடுத்த மாசம் வருகிற லிஸ்டில் அவன் பெயர் ஏழாவது.

புதன்கிழமை காலை அவன் பெண்டாட்டி அம்சவல்லி சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டே கேட்டாள். "என்னாங்க, பிளாக் பத்தொம்போதுல குவார்ட்டர்ஸ் குடுத்தா மாமரத்தோட குடுப்பாங்களாமே?"

"மொதல்ல லிஸ்ட்டு வரட்டும்."

"உம் பேரு இருக்குதுன்னுதானே சொன்ன?"

"இருக்குது. வெள்ளிக்கெழம தாண்டட்டும்."

"அதுல என்னா தாண்டறதுக்குக் கெடக்குது? உள்ளதச் சொல்லிட்டு வா."

அவன் தூக்கை வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். சுரங்க வாசலில் குடைக்குக் கீழே ராஜாம்பாள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் தாண்டிப் போவதற்கு அவனிடம் ஒரு வழி உண்டு. சைக்கிள் செயினைப் பார்த்துக் குனிந்துகொள்வான். இன்றைக்குக் குனிய முடியவில்லை. அவளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன் பன்னீர்செல்வம்.

"வெள்ளிக்கெழம வர்றல்ல அண்ணே?" என்றாள் ராஜாம்பாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"வர்றேன்."

"வா. இந்தத் தம்பியும் எங்க கம்மாபுரத்து ஆளுதான். எங்க பெரிம்மா தெரு."

கலியன் சைக்கிளை மிதித்துக்கொண்டே கணக்குப் போட்டான். இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்தவன். அவள் கடைசி மனு போட்டதும் இரண்டு மாசத்துக்கு முன்னால்தான். கணக்குப் படித்தவன். ஒன்பதைப் பற்றித் தானாக வாயெடுத்தவன்.

அன்றைக்கு அவன் ஏற்பாட்டோடு இருந்தான். ஒவ்வொரு வால்வுச் சக்கரத்திலும் கறுப்பு நூல் சுற்றி முடிந்தான். எவன் திருப்பினாலும் அறும். மீட்டர் மூடியின் விளிம்பில் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினான். மூன்று மணிக்கு ஹேண்டிலை இறக்கி, 9998078 என்று எழுதி, ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தொட்டு மூன்று தடவை சரி பார்த்தான். பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டுத் தன் எதிரில் ஸ்டூலில் உட்கார வைத்தான்.

"எதுக்குண்ணே?"

"சும்மா ஒக்காருடா. ஓய்வு மோட்டாருக்கு மட்டும்தானா?"

பன்னீர்செல்வம் உட்கார்ந்தான். சும்மா இருக்கத் தெரியாதவன். "நாளைக்கு இதே நேரம் மீட்டரு சைபராவப் போவுதுண்ணே. ஏழு ஒம்போது வந்து, அப்பிடியே ஏழு சைபர். இது பொறந்ததுலேர்ந்து இப்பதான் மொத தடவ. அதுக்கு முன்னாடி ஒரு நம்பரு வரும் பாரு. 9999991. ஏழு எலக்கத்துல கடைசி பகா எண்ணு அதான். ஒண்ணாலயும் தன்னாலயும் தவுர எதாலயும் வகுபடாது."

"வகுபடாட்டி என்னா?"

"ரெண்டு பேரு பங்கு போட முடியாது. மூணு பேரு முடியாது. ஊரே கூடி வந்தாலும் பிரிக்க முடியாது. ஒருத்தன்தான் மொத்தத்தையும் சொமக்கணும்."

கலியன் அவன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்கிற முகமாகத்தான் இருந்தது. நடிக்கிறவன் முகமும் அப்படித்தான் இருக்கும்.

அரை மணி நேரம் அவன் கண்ணை அந்தப் பையனிடமிருந்து எடுக்கவில்லை. பையன் எழவில்லை. கை மடியை விட்டு நகரவில்லை. மூன்றரைக்குக் கலியன் திரும்பி மீட்டரைப் பார்த்தான்.

9998087.

நூல் அறவில்லை. பருக்கை காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஒத்த எண் முன்னாலும் ஐந்து, பின்னாலும் ஐந்து. நேற்று ஒன்பது, இன்றைக்கு ஒன்பது, பதினெட்டு.

தொட்டியின் அடித்தளம் மூன்றுக்கு மூன்று. அதில் ஒன்பது யூனிட் ஊற்றினால் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறும். இந்தக் கணக்கை அவன் போடவில்லை. அது தானாக வந்து நின்றது. நேற்று இடுப்புக்கு. இன்றைக்குத் தலைக்கு மேல். நாளைக்கு மூடி வரைக்கும்.

கடப்பாறையை எடுத்துக்கொண்டு பழைய தொட்டிக்கு நடந்தான். சாவுக்கு அப்புறம் அதை ஓரங்கட்டி, குழாய் வாயில் தகடு வைத்து வெல்டு அடித்து, புதுத் தொட்டி கட்டிவிட்டார்கள். மூடியின் மேல் அனல் மின் நிலையத்துச் சாம்பல் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒரு கைத்தடம்கூட இல்லை. நெம்பித் தூக்கினான். உள்ளிருந்து ஒரு மூச்சு மாதிரிக் குளிர் வந்து முகத்தில் மோதியது. பழுப்பு நிலக்கரித் தண்ணீரின் அந்த வாடை, நனைந்த தீக்குச்சியும் அழுகின இலையும் சேர்ந்த வாடை.

தொட்டி காய்ந்து கிடந்தது. சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

சுவர் மட்டும் ஈரமாக இருந்தது. நாலு சுவரும், ஒரே மட்டத்துக்கு, ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே. அந்த ஈரக் கோட்டுக்கு மேல், உலர்ந்த சிமெண்டில், நாலு விரல் எட்டிப் பிடித்து வழுக்கின தடம். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே."

பின்னால் பன்னீர்செல்வம் நின்றான். கலியன் அவன் சட்டையைப் பிடித்தான்.

"ஏன்டா, இதுக்குத் தண்ணி உடறது நீதான?"

"வுடுண்ணே! தகடு வெச்சு வெல்டு அடிச்சிருக்குது. நான் என்னா மந்திரவாதியா?"

"ராஜாம்பாளுக்கு நீ என்னா வேணும்?"

"அவங்க கூழு ஊத்தறவங்க. நான் குடிக்கிறவன். என்னாண்ணே ஆச்சு உனக்கு? சட்ட கிழியுது."

கலியன் கையை எடுத்தான். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. தன் வாயைக் கிளறத்தான் இவனுக்கு இந்தப் பாடு. போனில் பேச்சைப் பதிந்துகொள்வார்களாம், லாரி ஷெட்டில் ஒருத்தன் வேலை அப்படித்தான் போனது. வாயைத் திறக்காதே. எது நடந்தாலும் வாயைத் திறக்காதே.

மோட்டாரைப் போட்டபோது இரண்டு தட்டு கேட்டது.

வியாழக்கிழமை. வானம் மூடிக் கிடந்தது, காற்றில்லை. மின் நிலையத்துப் புகை செங்குத்தாக நின்றது. மயில்கூடச் சத்தம் போடவில்லை.

மூன்று மணிக்கு ஹேண்டிலை இறக்கினான். எண் சக்கரங்கள் கடைசியாக ஒரு தரம் உருண்டு நின்றன.

9999991.

"பாத்தியாண்ணே, அதேதான்! கரெக்டா அதுல வந்து நிக்குது!" பன்னீர்செல்வம் கண்ணாடியில் மூக்கை ஒட்டினான். அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம் போலத் தெரிந்தது. பிறகு கலியன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டான். "நேத்து என்னியத் திருடன் மாதிரிப் புடிச்ச. ராவெல்லாம் தூக்கமில்ல. நான் ஒண்ணு பண்றேன். அந்தத் தொட்டியில எறங்கிப் பாத்துட்டு வந்துர்றேன். எங்கயாவது ஊறுதான்னு தெரிஞ்சிபோவும். நீ இங்கியே நில்லு. ஹேண்டிலு உன் கண்ணு முன்னாடி."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். கலியன் சொல்லவில்லை. உள்ளே போய் என்ன செய்கிறான் என்று பார்ப்போம் என்று இருந்தது அவனுக்கு.

பன்னீர்செல்வம் செருப்பைக் கழற்றினான். புதுசு, பச்சை வார். பேனலுக்கு நேர் கீழே ஜோடியாக வைத்தான். அந்த வழக்கத்தை அவனுக்கு யார் சொன்னது? கலியன் சொல்லவில்லை.

"அண்ணே, செருப்பு இருக்குது. பாத்துக்க."

போனான். மூடி நகரும் சத்தம். கம்பிப் படியில் கால் வைக்கும் சத்தம்.

கலியன் தன் செருப்பை எப்போதும்போல வாசலிலேயே விட்டிருந்தான். பேனல் முன்னால், ரப்பர் விரிப்பின் மேல் வெறுங்காலோடு நின்றான். ஒரு கண் மீட்டரில், ஒரு கண் பச்சைச் செருப்பில். இந்தத் தடவை இமைகூடக் கொட்டப்போவதில்லை.

தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. உள்ளே மோதி மோதி, வயசான ஆள் குரல் மாதிரி.

"காஞ்சிதான் கெடக்குதுண்ணே! ஆனா செவுரு..."

காதுக்குள் இரைச்சல். அதே பழைய இரைச்சல். மோட்டார் நின்றாலும் நிற்காதது. இன்றைக்கு அது கொஞ்சம் அதிகம்.

கடைசிச் சக்கரம் நகர்ந்தது. ஒன்று மேலேறி, இரண்டு வந்து அமர்ந்தது.

டங்.

அவன் மீட்டரைப் பார்த்தான். 9999992.

"அண்ணே?"

பேசாதே. இது அவர்கள் வேலை. எங்கேயோ வால்வு. எங்கேயோ ஆள். மூன்று வந்தது. டங்.

"அண்ணே! தண்ணி! தண்ணி வருதுண்ணே!"

நடிக்கிறான். ஓடிப்போய், அய்யோ மறுபடியுமா என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அது போனில் ஏறும். நாளைக்கு மேஜை மேல் வைத்துப் போடுவார்கள். பதினாறு வருஷம். குவார்ட்டர்ஸ். மாமரம். பேசாதே.

நான்கு. டங்.

ஹேண்டில் கீழே இருக்கிறது. நான்தான் இறக்கினேன். தண்ணீர் எப்படி வரும்?

ஐந்து. டங்.

"கலியண்ணே!"

ஆறு. கை இரண்டும் வேர்த்தன. இரும்பு வாடை. நனைந்த தீக்குச்சி வாடை. இரைச்சல் பல்லுக்குள் அதிர்ந்தது. காதுதான். காதுதான் இது.

ஏழு. டங்.

குரல் இல்லை.

எட்டு. தட்டு மட்டும். பலமில்லாமல்.

சிங்காரவேலும் இப்படித்தான் தட்டினான். போல்ட் என்று நினைத்தேன். அது போல்ட் இல்லை.

ஒன்பது. ஏழு ஒன்பது. கண்ணாடிக்குள் ஏழும் ஒரே முகமாக அவனைப் பார்த்தன.

டங்.

பிறகு ஏழு சக்கரமும் ஒன்றாக அசைந்தன. ஒன்பதுகள் மெதுவாக, பாரமாக, மேலேறி மறைந்தன.

0000000.

தட்டுவது நின்றது.

இரைச்சல் நிற்கவில்லை. கலியனுக்கு அப்போதுதான் உறைத்தது. தரை அதிர்ந்தது. குழாய் அதிர்ந்தது. அவன் வலது கை தலைக்கு மேல் எதையோ இறுகப் பிடித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான். ஹேண்டில். மேலே. அவன் கைக்குள், சூடாக.

இழுத்து இறக்கினான். மோட்டார் இறங்கி இறங்கி அடங்கியது. சுரங்கத்துச் சத்தம் ஒன்றும் திரும்பி வரவில்லை.

கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். அவன் காலில் செருப்பு இருந்தது. பச்சை வார். எப்போது மாட்டினான்? விரல் இடுக்கெல்லாம் கறுப்புத் தண்ணீர் கசிந்து ரப்பர் விரிப்பில் பரவியது.

பேனலுக்குக் கீழே தரை வெறுமையாக இல்லை. அங்கே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. இரண்டரை வருஷத்து மண் அப்பி, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஒன்றுக்கு நீல வார். இன்னொன்றுக்குச் சிவப்பு.

செருப்பு இருந்தால் ஆள் உள்ளே.

பழைய தொட்டிப் பக்கமிருந்து ஒரு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து, அதே தொட்டியின் இன்னொரு மூலையிலிருந்து, அதற்குப் பதில் சொல்வது மாதிரி, இன்னொரு தட்டு.